வீட்டைச் சுற்றி ஒரு பாஞ்சோ

"நான் இப்போ ஒரு பிரேக்டவுன் கத்துக்கிட்டிருக்கேன் சித்தப்பா" என்று போன வாரம் போனில் சொன்னேன். "ஏன், வண்டி அடிக்கடி நின்னுடுதா?" என்று கேட்டார். இல்லை, அது ஒரு பாட்டு என்றேன். என்ன வாத்தியம் என்றார். பாஞ்சோ. "அட, பட்டனைத் தட்டித் தட்டி வாசிப்பாங்களே, அதுதானே? கல்யாண வீட்டுல கேட்டிருக்கேன்." அவர் சொன்னது புல்புல்தாரா. நம் பக்கம் பலருக்கு அதுதான் பேஞ்சோ. இருபது நிமிஷம் விளக்கினேன். கடைசியில், "சரி, உடம்பைப் பாத்துக்க" என்று வைத்துவிட்டார்.

அவருக்குச் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளும். காபி போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள்.

நான் இருப்பது வட கரோலினாவின் சார்லட் நகரத்தில். வந்து ஒன்பது வருடம் ஆகிறது. முதல் ஐந்து வருடம் காரில் ராஜா பாட்டு, வீட்டில் ராஜா பாட்டு என்றுதான் ஓடியது. ஒரு சனிக்கிழமை, மேற்கே ஒரு சின்ன ஊரில் பழைய மேஜை வாங்கப் போனபோது, கடை வாசலில் ஏழெட்டுப் பேர் மடக்கு நாற்காலிகளை வட்டமாகப் போட்டு வாசித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் அறுபதுக்கு மேல் வயது. மைக் இல்லை, நோட்டுப் புத்தகம் இல்லை. அதில் ஒருவர் மடியில் இருந்த வாத்தியத்தைப் பார்த்தேன். பெரிய கஞ்சிராவுக்குக் கழுத்து முளைத்து, அதில் ஐந்து கம்பி கட்டியது போல இருந்தது. மனிதர் முகத்தில் எந்தச் சலனமும் இல்லை, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். விரல்களிலிருந்து மட்டும் ஸ்வரங்கள் கொட்டுகின்றன. மேஜை வாங்காமல் வீட்டுக்கு வந்தேன். அடுத்த மாதம் பழைய பாஞ்சோ ஒன்று வாங்கினேன். "மேஜைக்குப் போனவரு மேளத்தோட வந்திருக்காரு" என்று வீட்டில் இன்றும் பேச்சு.

அன்று அவர் வாசித்தது 'ஃபாகி மவுண்டன் பிரேக்டவுன்'. புளூகிராஸ் இசையில் பாஞ்சோ என்றாலே முதலில் நினைவுக்கு வரும் பாட்டு. பாட்டு என்கிறேனே தவிர, வரிகள் கிடையாது, முழுக்க வாத்தியம். அமெரிக்கத் தெற்கில் பிரேக்டவுன் என்றால் ஆட்டத்துக்கான வேகமான மெட்டு. சித்தப்பாவின் வண்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இதைப் படைத்தவர் எர்ல் ஸ்க்ரக்ஸ். 1924 ஜனவரியில், என் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில், ஷெல்பி ஊருக்குப் பக்கத்தில் ஃபிளின்ட் ஹில் என்ற பருத்தி விளையும் கிராமத்தில் பிறந்தவர். நான்கு வயதில் அப்பா போய்விட்டார். வீட்டில் பாஞ்சோ இருந்தது, அண்ணன்மார் வாசிப்பார்கள். பத்து வயதில் ஒருநாள் அண்ணன் ஹொரேஸோடு ஏதோ சண்டை. கோபத்தில் முன்னறைக்குப் போய்த் தனியாக உட்கார்ந்து, 'ரூபன்' என்ற பழைய மெட்டை ஏதோ யோசனையில் வாசித்துக்கொண்டிருக்கிறான் பையன். திடீரென்று கவனிக்கிறான், வலது கையில் மூன்று விரல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதுவரை அவன் இரண்டு விரலில்தான் வாசித்து வந்தான். "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று வீடு முழுக்கக் கத்திக்கொண்டு ஓடினானாம்.

மூன்று விரல் வாசிப்பை அவர்தான் கண்டுபிடித்தார் என்று சொன்னால் அது தப்பு. அந்த வட்டாரத்தில் ஸ்மித் ஹேமட், ரெக்ஸ் புரூக்ஸ் போன்றவர்கள் ஏற்கெனவே மூன்று விரலில் வாசித்தவர்கள். ஸ்னஃபி ஜென்கின்ஸ் ரேடியோவில் வாசித்தார். ஸ்க்ரக்ஸ் செய்தது வேறு. அந்த முறையில் சரளத்தைக் கொண்டுவந்தார். எவ்வளவு வேகத்திலும் மெட்டின் ஸ்வரம் எது, சுற்றியுள்ள அலங்காரம் எது என்று கேட்பவருக்குத் தெளிவாகத் தெரியும்படி செய்தார். இன்று அந்த முறைக்கு அவர் பெயர்தான்: ஸ்க்ரக்ஸ் பாணி.

அண்ணன் தம்பி இருவரையும் பற்றி இன்னொரு கதை உண்டு. அதற்காகத்தான் இந்தப் பதிவையே எழுதுகிறேன். ஹொரேஸ் கிடாரை எடுத்துக்கொள்வார், எர்ல் பாஞ்சோவை. வீட்டு வாசலில் முதுகோடு முதுகு சேர்த்து நின்று ஒரு பாட்டை ஆரம்பிப்பார்கள். வாசித்துக்கொண்டே ஒருவர் இந்தப் பக்கம், மற்றவர் அந்தப் பக்கம் வீட்டைச் சுற்றி நடப்பார்கள். பின்பக்கம் போகப்போக ஒருவர் வாசிப்பது மற்றவருக்குச் சரியாகக் கேட்காது. மறுபடி சந்திக்கும்போது இருவரும் ஒரே இடத்தில் இருக்கிறார்களா, ஒருவர் முந்திவிட்டாரா என்று பார்ப்பார்கள். மெட்ரோனோம் வாங்கக் காசில்லாத வீட்டில் காலப்பிரமாணம் பழகிய விதம் அது.

சரி, கதைக்கு வருவோம். யுத்த காலத்தில் ஸ்க்ரக்ஸ் ஷெல்பியில் நூற்பாலையில் வேலை பார்த்தார். 1945 டிசம்பரில் பில் மன்றோவின் 'புளூ கிராஸ் பாய்ஸ்' குழுவில் சேர்ந்தார். மன்றோ கென்டக்கிக்காரர், அந்த மாநிலத்துக்குப் 'புளூகிராஸ் மாநிலம்' என்று செல்லப்பெயர் உண்டு. மாநிலத்தின் பெயர் குழுவுக்கு வந்து, குழுவின் பெயர் பின்னாளில் இசைவகைக்கே வந்துவிட்டது. ஸ்க்ரக்ஸுக்கு முன்னால் அந்தக் குழுவில் பாஞ்சோ வாசித்தவர் ஸ்ட்ரிங்பீன் என்ற நகைச்சுவைக் கலைஞர். அன்றைக்குப் பாஞ்சோவின் நிலை அப்படித்தான். கோமாளி கையில் இருக்கும் வாத்தியம். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் சுரைக்குடுக்கையில் தோல் போர்த்திச் செய்த கருவி அது. வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசி அவர்களைக் கேலி செய்து நடத்திய மேடைக் கூத்துகள் வழியாக நாடெங்கும் பரவியது. அந்தக் கேலியின் வாடை பாஞ்சோமீது நெடுநாள் ஒட்டியிருந்தது.

அதனால் மன்றோ குழுவின் கிடார்காரர் லெஸ்டர் ஃப்ளாட்டுக்குப் பாஞ்சோவே வேண்டாம் என்ற எண்ணம். ஸ்ட்ரிங்பீன் போனதில் அவருக்கு நிம்மதி. புதுப் பையன் வருகிறான் என்றதும், பெட்டியை விட்டு எடுக்காமலே இருந்தால் தேவலை என்றாராம். பையன் இரண்டு பாட்டு வாசித்துக் காட்டினான். ஃப்ளாட் வாயடைத்துப்போனார். பிறகு நாஷ்வில் ரைமன் அரங்கத்தில், 'கிராண்ட் ஓல் ஓப்ரி' ரேடியோ நிகழ்ச்சியின் மேடையில் அவன் வாசித்தபோது கூட்டம் ஆர்ப்பரித்தது. யாரும் சிரிக்கவில்லை.

1948ல் ஸ்க்ரக்ஸும் ஃப்ளாட்டும் மன்றோவை விட்டு விலகித் தனிக் குழு தொடங்கினார்கள். கார்ட்டர் குடும்பம் என்ற பாடகர் குழுவின் பழைய பாட்டு ஒன்றில் வரும் பனிமூட்ட மலையை எடுத்து 'ஃபாகி மவுண்டன் பாய்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். மன்றோவுக்குக் கடுங்கோபம், வருடக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தக் கோபத்தோடு ஒரு மெட்டுச் சண்டையும் சேர்ந்துகொண்டது. 1947ல் மன்றோ குழு 'புளூகிராஸ் பிரேக்டவுன்' என்ற மெட்டைப் பதிவு செய்திருந்தது. இசையமைத்தவர் என்று போட்ட பெயர் மன்றோவுடையது. அதைப் போட்டது நான்தான் என்பது ஸ்க்ரக்ஸின் கட்சி. இரண்டு பிரேக்டவுன்களும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். பழையது ஜி மேஜரிலிருந்து எஃப் மேஜருக்குப் போகும், புதியது ஈ மைனருக்குப் போகும். ஒரே ஒரு கார்டு. பழையதில் கொண்டாட்டம் மட்டும் இருக்கும். புதியதில் அந்த ஈ மைனர் வரும்போது வெயிலுக்கு நடுவே மேகம் ஒன்று கடந்துபோகும். உலகம் நினைவில் வைத்திருப்பது மேகம் வந்த பாட்டைத்தான்.

1949 டிசம்பர் 11. சின்சினாட்டி நகரத்தில் ஹெர்ஸாக் ஸ்டூடியோ. ஒரு வருடம் முன்பு இதே இடத்தில்தான் கன்ட்ரி பாடகர் ஹேங்க் வில்லியம்ஸ் 'லவ்சிக் புளூஸ்' பாடிவிட்டுப் போயிருந்தார். மெர்க்குரி இசைத்தட்டுக் கம்பெனிக்காக ஃபாகி மவுண்டன் பதிவாகிறது. ஸ்க்ரக்ஸ் பாஞ்சோ, ஃப்ளாட் கிடார், பென்னி சிம்ஸ் ஃபிடில், கர்லி செக்லர் மேண்டலின், ஹோவர்டு வாட்ஸ் பாஸ். ஒரு சுற்று பாஞ்சோ, ஒரு சுற்று ஃபிடில் என்று மாறி மாறி வரும். மூன்று நிமிஷத்துக்குள் முடிந்துவிடும்.

அந்தப் பதிவில் வேடிக்கையான ஓர் உரசல் இருக்கிறது. ஸ்க்ரக்ஸ் ஈ மைனருக்குப் போகும்போது ஃப்ளாட்டின் கிடார் ஈ மேஜர் பிடிக்கிறது. நம் கணக்கில் சொன்னால், ஈயை ஸட்ஜமாக வைத்தால் ஒருவர் சாதாரண காந்தாரத்தில் இருக்கிறார், இன்னொருவர் அந்தர காந்தாரத்தில் இருக்கிறார். நம் மேடையில் நடந்தால் பக்கவாத்தியக்காரரைப் பாடகர் திரும்பிப் பார்க்கிற பார்வையே வேறு. இங்கே அந்த உரசலே பாட்டுக்கு ஒரு கூர்மையைக் கொடுத்துவிட்டது. ஹெட்போன் போட்டுக் கேட்டுப் பாருங்கள். ஒருமுறை காதில் பட்டுவிட்டால் பிறகு விடவே விடாது.

இனி வாசிப்புக்கு வருகிறேன். இங்கேதான் என் சொந்தக் கதையும் சந்தி சிரிக்கிறது.

ஐந்து கம்பிகளையும் சும்மா வருடினாலே ஜி மேஜர் கேட்கும்படி சுருதி கூட்டியிருப்பார்கள். ஐந்தாவது கம்பி குட்டை, அதன் முறுக்காணி கழுத்தின் நடுவில் இருக்கும். பெருவிரலுக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கம்பிதான் இருப்பதிலேயே உச்ச ஸ்வரம். கிடார் பழகியவர்களுக்கு முதலில் தலை சுற்றும். மெட்டு எங்கே போனாலும் அந்தக் கம்பி நடுநடுவே மணி மாதிரி அடித்துக்கொண்டே இருக்கும், தம்புரா போல. பெருவிரலில் பிளாஸ்டிக் மீட்டி, ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் உலோக மீட்டி மாட்டிக்கொள்ள வேண்டும்.

மூன்று விரல்கள் கம்பிகளில் மாறி மாறி விழும் வரிசைக்கு 'ரோல்' என்று பெயர். ஒரு சுற்றுக்கு எட்டு அடி. மூன்று விரலை வைத்துக்கொண்டு எட்டை எப்படி நிரப்புவது? எளிய ரோலில் 'தகிட தகிட தக' என்று போகும். கொன்னக்கோல் காதில் விழுந்து வளர்ந்தவர்களுக்கு இது பச்சைத் தண்ணீர். வெள்ளைக்காரப் பையன்கள் மாதக்கணக்கில் திணறும் இடத்தை நான் ஒரே வாரத்தில் பிடித்துவிட்டேன் என்று மிதப்பில் இருந்தேன். அதற்கான பலன் பிறகு வந்தது.

ஃபாகி மவுண்டனின் ரோல் கொஞ்சம் வேறு. ஆரம்பத்தில் இரண்டாவது கம்பியை இரண்டாம் ஃபிரெட்டில் பிடித்து மீட்ட வேண்டும். அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே இடது கையின் இன்னொரு விரலை மூன்றாம் ஃபிரெட்டில் ஓங்கிப் போட வேண்டும். மீட்டாமலே அடுத்த ஸ்வரம் பிறக்கும். ஹேமர்-ஆன் என்பார்கள். உடனே முதல் கம்பியைத் திறந்தபடி மீட்ட வேண்டும். மறுபடி அதே இரண்டும். ஆக நான்கு அடி. சூட்சுமம் என்னவென்றால், ஹேமர்-ஆன் போய்ச் சேரும் ஸ்வரமும் திறந்த முதல் கம்பியின் ஸ்வரமும் ஒன்றேதான், இரண்டுமே டி. அதாவது அந்தப் புகழ்பெற்ற ஆரம்பத்தில் மெட்டு எங்கேயும் போவதில்லை. ஒரே ஸ்வரம் இரண்டு கம்பிகளிலிருந்து, ஒன்று வழுக்கி வந்து, இன்னொன்று நேராக வந்து, மாறி மாறி மோதுகிறது. ரயில் நின்ற இடத்திலேயே புகை கக்குவது போல. பிறகு ஐந்தாவது கம்பி மணி அடிக்க, வண்டி கிளம்பிவிடும்.

எனக்குக் கற்றுத்தருபவர் ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர். வயது எழுபத்தெட்டு. அவர் வீட்டு முன்திண்ணையில்தான் பாடம். முதல் நாள் மெட்ரோனோமை 60ல் வைத்தார். நிமிஷத்துக்கு 60 தட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் நான்கு அடி. பதிவில் உள்ள வேகமோ 150ஐத் தாண்டும், அதாவது நொடிக்குப் பத்து ஸ்வரம். நான் இரண்டே மாதத்தில் 110க்குப் போய்விட்டேன். வாசித்துக் காட்டினேன். அவர் புகையிலையை மென்றுகொண்டே கேட்டார். "எங்கேயாவது அவசரமா போகணுமா?" என்றார். இல்லை என்றேன். "அப்போ உன் கை மட்டும் ஏன் ஓடுது?" மெட்ரோனோமைத் திரும்ப 60க்குத் திருகிவிட்டார்.

கொன்னக்கோல் மிதப்பு அன்றோடு இறங்கியது. கணக்கு வாயில் சரியாகத்தான் இருந்தது. கையில் இல்லை. நடுவிரல் அடிக்கும் ஒவ்வொரு அடியும் ஒரு மயிரிழை முன்னால் விழுந்துகொண்டிருந்தது. மெதுவாக வாசிக்கும்போது அது பல்லில் சிக்கிய நார் மாதிரி தெரிகிறது. வேகமாக வாசிக்கும்போது மறைந்துவிட்டதாக நினைக்கிறோம். உண்மையில் மொத்த வாசிப்பும் மண் சறுக்குவது போலச் சறுக்கிக்கொண்டிருக்கும். என் பதிவைக் கேட்டால் வேகம் தெரிகிறது, அவசரமும் தெரிகிறது. ஸ்க்ரக்ஸின் பதிவு என்னுடையதைவிட எவ்வளவோ வேகம், ஆனால் மனிதர் சாவகாசமாக இருக்கிறார். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் உட்கார ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார். நான் பதினைந்து பேரை ஒரே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகிறேன்.

இந்தப் பாட்டைப் பெரிய மேடைக்குக் கொண்டுபோனது சினிமா. 1967ல் வந்த 'பானி அண்ட் கிளைட்' படத்தில், வங்கிக் கொள்ளையர்கள் காரில் தப்பி ஓடும் துரத்தல் காட்சிகளுக்கு 1949 பதிவையே பயன்படுத்தினார்கள். படத்தைத் தயாரித்து நடித்தவர் வாரன் பீட்டி. அதன்பிறகு அமெரிக்க சினிமாவில் கார் ஓடினால் பாஞ்சோ ஒலிக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம் ஆகிவிட்டது. நிஜத்தில் பானியும் கிளைடும் 1934 மே மாதமே சுட்டுக் கொல்லப்பட்டவர்கள். அவர்கள் காலத்தில் இந்தப் பாட்டும் கிடையாது, இந்த வாசிப்பும் யார் காதிலும் இப்படி விழுந்திருக்காது. அந்த வருடம் எர்ல் ஸ்க்ரக்ஸுக்கு வயது பத்து. அவர்கள் காரில் ஓடிக்கொண்டிருந்த நாட்களையொட்டித்தான் ஒரு பையன் அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு முன்னறையில் போய் உட்கார்ந்திருக்கிறான்.

படம் வந்தபிறகு பாட்டு 1968ல் பாப் பட்டியலிலும் ஏறியது. அடுத்த வருடம் ஃப்ளாட்டுக்கும் ஸ்க்ரக்ஸுக்கும் கிராமி கிடைத்தது. அதே 1969ல் இருவரும் பிரிந்தார்கள். ஸ்க்ரக்ஸ் வளர்ந்த மகன்களோடு புதுப் பாட்டுகள் வாசிக்க ஆசைப்பட்டார், ஃப்ளாட்டுக்குப் பழைய பாதை போதும். பின்னாளில் ஸ்டீவ் மார்ட்டின் உள்ளிட்ட நண்பர்கள் கூட்டத்தோடு ஸ்க்ரக்ஸ் இதே பாட்டை மறுபடி வாசித்து, 2002ல் இன்னொரு கிராமி வாங்கினார். சிரிப்பு நடிகர் ஸ்டீவ் மார்ட்டின் பாஞ்சோவில் கெட்டிக்காரர். கோமாளி கையிலிருந்து பாஞ்சோவை வாங்கியவரோடு உட்கார்ந்து, ஒரு சிரிப்பு நடிகர் துளியும் சிரிப்பில்லாமல் வாசித்தார். ஸ்க்ரக்ஸ் 2012 மார்ச்சில் 88 வயதில் காலமானார். ஷெல்பியின் பழைய நீதிமன்றக் கட்டடத்தில் இப்போது அவர் பெயரில் அருங்காட்சியகம் இருக்கிறது. இந்தப் பக்கம் வந்தால் ஒருநாள் ஒதுக்குங்கள்.

நான் கடை வாசலில் பார்த்தது போன்ற ஜாம் வட்டத்தில் உட்காரப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். இந்தப் பாட்டு பாஞ்சோவின் பாட்டு என்று நினைத்துக்கொண்டு முழு நேரமும் அடித்து நொறுக்கக் கூடாது. உங்கள் சுற்று முடிந்ததும் தலையசைப்பில் ஃபிடிலுக்குக் கைமாறும். அதன்பிறகு நீங்கள் சத்தத்தைக் குறைத்து, அவருக்குப் பின்னால் நடந்து போக வேண்டும். மேண்டலின் எதிர்த்தாளத்தில் 'சக், சக்' என்று வெட்டிக்கொண்டிருப்பதைக் கேட்டபடி போக வேண்டும். நான் முதல்முறை போனபோது ஃபிடில் பெரியவரின் சுற்றிலும் என் பாட்டுக்கு முழங்கித் தள்ளினேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்திலிருந்தவர் தன் நாற்காலியை மட்டும் அரையடி தள்ளிப் போட்டுக்கொண்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை என் மகளிடம் ஹொரேஸ், எர்ல் கதையைச் சொன்னேன். பதினைந்து வயது. பள்ளிக்கூடத்தில் கிடார் பழகுகிறாள். "நாமளும் பண்ணிப் பாக்கலாம்பா" என்றாள். வாசலில் முதுகோடு முதுகு நின்றோம். இந்தப் பாட்டுக்கு அவளுக்கு வேண்டியது ஜி, ஈ மைனர், டி என்று மூன்றே கார்டுகள். "அது ஈ மேஜர்ம்மா, மைனர் போடு" என்று திருத்தினேன். "ஃப்ளாட் அதைத்தானே வாசிச்சாரு? நீங்கதானே சொன்னீங்க?" என்றாள். வாயை மூடிக்கொண்டேன்.

80ல் ஆரம்பித்து நடந்தோம். கராஜ் மூலை திரும்பியதும் கிடார் மெலிந்தது. ஏசி பெட்டியைத் தாண்டியதும் சுத்தமாகக் கேட்கவில்லை. பாஞ்சோவும் என் செருப்புச் சத்தமும் மட்டும். அந்தப் பத்து அடி தூரத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். கிடார் இல்லாத வெறுமையை நிரப்ப என் கை தானாகவே ஓட ஆரம்பித்தது. குப்பைத் தொட்டி பக்கத்தில் சந்தித்தபோது நான் டியில் இருந்தேன், அவள் இன்னும் ஈயை விட்டுக் கிளம்பவே இல்லை.

சமையலறை ஜன்னல் திறந்தது. "ரெண்டு பேரும் ஒரே பாட்டா வாசிக்கிறீங்க?" என்று என் மனைவி கேட்டாள்.

மகள் சிரித்து முடித்துவிட்டு, "அடுத்த தடவை நான் வேணும்னா கொஞ்சம் வேகமா வரட்டுமாப்பா?" என்றாள்.

"வேண்டாம்மா, நீ சரியாத்தான் வர்ற" என்றேன். மறுபடி வாசலுக்குப் போய் முதுகைச் சேர்த்துக்கொண்டு நின்றோம். மெட்ரோனோமை 60க்கு இறக்கினேன்.